ஆழ்கடல் கண்டவர்

ஆழ்கடலின் காட்சியை உலகத்தார்க்குக் காட்டியவருள் முதன்மையானவர் பிரான்சியக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ. 1943ஆம் ஆண்டில் அவர், எமில் கன்யான் என்னும் பொறியியலாளருடன் கூடி, முதுகிற் சுமந்த கலத்திலிருந்து மூச்சுக்கு வேண்டிய அளவே காற்றுத் தரும் கருவியை ஆக்கினார். மேலிருந்து வரும் குழாயின் துணையின்றி மனிதன் மீனைப்போல் உலாவலானான்.

1956இல் அவரும் லூயி மாலும் உருவாக்கிய ‘மௌன உலகம்’ என்னும் திரைப்படம் கான் விழாவில் உயர் பரிசு பெற்றது. ஆயினும் அப்படத்திலேயே, மீனினங்களைக் கணக்கிட வெடி வைக்கின்றனர். சுறாக்களை அடித்துக் கொல்கின்றனர். கடல்வளம் குன்றாதது என்பதே அக்காலத்தார் பலரின் எண்ணம்.

ஆண்டுதோறும் மூழ்கிய கூஸ்தோவின் கண்களோ அவ்வளம் குன்றுவதைக் கண்டன. 1960இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் இடும் திட்டத்தை அவர் எதிர்த்தார்; அது நிறுத்தப்பட்டது. பின்னர் அந்தாட்டிக்காவில் கனிமம் தோண்டுவதற்கு எதிராகப் பெருந்தொகையான கையொப்பங்களைத் திரட்டினார். அதனைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1991இல் மட்ரிட் நகரில் கைச்சாத்தாயிற்று. 1997இல் அவர் மறைந்தார்.

கடலில் வெடி வைத்தவரே கடலின் காவலரானார். ஒருவர் தம் வாழ்நாளுக்குள் இவ்வாறு மாறக்கூடுமாயின், ஒரு சமுதாயமும் மாறக்கூடும். கடலைப் பற்றிய நம் நம்பிக்கைக்கு அதுவே ஆதாரம்.