நாட்டிங்ஹாமில் புறப்பட்ட சக்கரம்

டிரெண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் நாட்டிங்ஹாம், 19ஆம் நூற்றாண்டில் லேஸ் துணிக்குப் பெயர்போன ஊர். நூல் சுற்றும் உருளைகள் அந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாடப் பொருள். அந்த உருளையைப் பார்த்துத்தான் முதல் மர ரீலைக் கடைந்தார்கள் என்று இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். வால்நட் அல்லது மகோகனி மரத்தில் அகலமான ஒரு சக்கரம், நடுவில் ஓர் அச்சு, முதுகில் பித்தளைப் பட்டை. பல்சக்கரம் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும். இன்றைக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டீல்ஹெட் மீனுக்குத் தக்கை விடுகிறவர்கள் ‘சென்டர்பின்’ என்று தேடி வாங்கும் ரீல் இதன் நேர் வாரிசு.

டிரெண்ட் அகலமான, நிதானமாக ஓடும் ஆறு. தக்கையை ஓட்டத்தில் விட்டு, போகிற போக்கில் அது இரையை மீனிடம் கொண்டுசேர்க்கட்டும் என்று விடுவது அந்த ஊர் முறை. பட்டம் விடுகிறவன் காற்றுக்கு நூல் கொடுப்பதுபோல அங்கே ஆற்றுக்கு நூல் கொடுக்க வேண்டும். ரீல் ஒரு கணம் தயங்கினாலும் தக்கை சாயும், கீழே இரை எழும்பும், மீன் ஒதுங்கிவிடும். அதற்காகத் தக்கையை முழுக்க அவிழ்த்துவிடவும் கூடாது. ஆற்றின் மேல்நீர் வேகமாக ஓடும். அடிநீர் கல்லிலும் மணலிலும் உரசுவதால் மெதுவாகத்தான் நகரும். தன்போக்கில் விட்ட தக்கை இரையை இழுத்துக்கொண்டு முந்திப் போய்விடும். சக்கரத்தின் விளிம்பில் விரலை மெல்ல வைத்து, தக்கையைப் பிடித்துப் பிடித்து விட்டால்தான் இரை அடிநீரின் வேகத்துக்கு வரும். தடையே இல்லாமல் சுற்றும் சக்கரம், அதற்குத் தேவையான தடையைத் தரும் விரல்: நாட்டிங்ஹாம் உலகத்துக்குக் கொடுத்தது இந்த இணையைத்தான்.

மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கோணும். 1890களின் நடுவில் நாட்டிங்ஹாம்காரரான ஹென்றி காக்ஸன், ஆரக்கம்பிகள் வைத்த இலேசான சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். ரெட்டிச் நகரின் ஆல்காக் நிறுவனம் அதை ‘ஏரியல்’ என்ற பெயரில் செய்து விற்றது. 1896இல் ஆல்னிக் ஊரின் ஹார்டி நிறுவனம், சால்மன் பிடிப்பவர்களுக்காக ‘சைலெக்ஸ்’ என்ற உலோக ரீலைக் கொண்டுவந்தது. பல்சக்கரம் இல்லாத இவ்வகை ரீல்களிலிருந்து தூரத்துக்கு வீசுவது தனி வித்தை. ஒரு கை கோலை வீச, மறு கை நூலை இழுத்துச் சக்கரத்தைச் சுழலவிட வேண்டும். அதைச் செம்மையாகச் செய்துகாட்டிய எஃப். டபிள்யூ. கே. வாலிஸ் என்ற நாட்டிங்ஹாம் தூண்டில்காரரின் பெயரால் அந்த வீச்சு இன்றும் அழைக்கப்படுகிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் குடியேறியவர்களின் பெட்டிகளில் இந்த ரீல்களும் கடல் கடந்தன. வான்கூவர் தீவின் ஆறுகளிலும் வெடர் ஆற்றிலும் சைலெக்ஸுக்குப் புது வாழ்வு கிடைத்தது. அங்கே அதன் எதிரில் வந்தது சால்மன் அல்ல, ஸ்டீல்ஹெட்.

ஸ்டீல்ஹெட் தனி இனம் அல்ல. வானவில் ட்ரவுட்டில் கடலுக்குப் போய்த் திரும்பும் கூட்டத்துக்கு அந்தப் பெயர். நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து ஓடைகளில் விடுவதும் இதே இனம்தான். கடலைக் காணாததால் அது சிறு மீனாகவே இருந்துவிடுகிறது. ஸ்டீல்ஹெட் ஆற்றில் பிறந்து, ஓரிரு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பசிபிக் கடலில் கொழுத்து, எட்டு பத்து பவுண்டு எடையோடு முட்டையிடத் திரும்பும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் பிழைத்து மறுபடியும் கடலுக்குப் போகக்கூடியது. குளிர்காலத்தில் வருகிற மீன் உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் சோம்பிக் கிடக்கும். இரையைத் துரத்தி வராது. மூக்குக்கு நேரே, அதன் வேகத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டிரெண்ட் ஆற்றின் முறை இந்த மீனுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது இதனால்தான்.

மீனும் ஒரு பயணம் போனது. கலிஃபோர்னியாவின் முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளை 1876இல் மிச்சிகனின் ஆ சேபிள் ஆற்றில் விட்டார்கள். பேரேரிகளே அவற்றுக்குக் கடலாயின. ஆனால் பேரேரிகளில் விழும் ஆறுகளில் பல சிறியவை, தெளிந்தவை. கனத்த தூண்டில் நரம்பைக் கண்டால் மீன் வாய் திறக்காது. 1970களில் மிச்சிகனின் டிக் ஸ்வான், ‘நூடுல் ராடு’ என்று பேரெடுத்த நீளமான, வளைந்து கொடுக்கும் கோலைப் பரப்பினார். இரண்டு, நான்கு பவுண்டு தாங்கும் தங்கூசி எனும் நைலான் நரம்பிலும் ஸ்டீல்ஹெட்டைக் கரைசேர்க்கலாம் என்று அது காட்டியது. மீனின் ஒவ்வொரு பாய்ச்சலையும் நீண்ட கோல் வளைந்து வாங்கிக்கொண்டதால் நரம்பு அறவில்லை.

அதற்கு ஏற்ற பொருளும் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. பிளந்து ஒட்டிய மூங்கிலிலோ கண்ணாடி இழையிலோ 13 அடிக் கோல் செய்தால் நாள் முழுக்க உயர்த்திப் பிடிக்க முடியாது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் உருவான கார்பன் இழை, 1970களில் தூண்டில் கோலாக வந்தது. என்னைக் கேட்டால், ஸ்டீல்ஹெட் தக்கை முறையின் வரலாற்றில் எந்த ரீலையும்விடப் பெரிய திருப்பம் இது. 13 அடிக் கோலின் எடை 200 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இதற்கிடையில் வேறு இரண்டு ரீல்களும் அதே ஆறுகளுக்கு வந்து சேர்ந்தன. பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இல் நிலைச்சுருள் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூல் உருவி எடுக்கும் கண்டைப்போல அதன் சுருள் சுற்றாமல் நிற்கும். நரம்பு முனை வழியாக உருவி வரும். நாம் ஸ்பின்னிங் ரீல் என்பது அதுதான். இன்னொன்று, ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துகொண்டிருந்த ஆபு நிறுவனம் 1950களில் புகழ்பெறச் செய்த ‘அம்பாசடர்’ என்ற பெய்ட்காஸ்டிங் ரீல். லேஸ், கம்பளி, கடிகாரம் என்று மூன்று தொழில்கள் ஒரே மீனைத் தேடி வந்திருக்கின்றன. கடையில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எதை எடுப்பது என்ற கேள்விக்கு இந்தப் பிறப்புகளே பாதி பதில் சொல்லிவிடும்.

மீதிப் பதிலைத் தக்கைக்குக் கீழே தொங்கும் ஜிக் சொல்லும். ஸ்டீல்ஹெட் ஜிக் என்பது ஈயத் தலையும் ஒற்றை முள்ளும் மெல்லிய மராபு இறகும். பெயர் மராபு நாரையுடையது என்றாலும், அந்த இறகு இப்போது பெரும்பாலும் வான்கோழியுடையது. வழக்கமான ஜிக்கின் எடை அவுன்சில் எட்டில் ஒரு பங்கு, சுமார் மூன்றரை கிராம். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அது தொங்கிக்கொண்டு போக வேண்டும். மேலே தக்கை அலையில் ஏறி இறங்குவதே இறகை உயிரோடு அசைக்கும். கையால் ஆட்ட வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. ஜிக் இரை அல்ல என்று தெரிந்ததும் மீன் துப்பிவிடும். தக்கை அமிழ்ந்த நொடியில், 20 கஜத்துக்கு அப்பாலுள்ள தடித்த முள் தாடையில் ஏற வேண்டும்.

இதனால்தான் கோலின் நீளத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீளமான கோல்தான் நரம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைக்கும். தண்ணீரில் படுத்த நரம்பை ஓட்டம் வில்லாக வளைக்கும். அந்த வில் தக்கையை இழுக்கும். மீன் கடித்தபோது நீங்கள் இழுப்பது மீனை அல்ல, அந்தத் தொய்வை. பசிபிக் பக்கத்தில் மரக்கிளை தலைக்கு மேல் தொங்கும் கரைகளிலும் படகிலும் ஒன்பதரை முதல் பத்தரை அடி போதும். பேரேரிப் பக்கத்து ஆறுகளில் 13 அடி. பத்து பன்னிரண்டு பவுண்டு வரை தாங்கும் கோலாக, நுனி மென்மையாகவும் நடுவுக்குக் கீழே உறுதியாகவும் இருக்கட்டும். அடிவரை குழைகிற நூடுல் கோல் மீன் முட்டையை இரையாக விடுவதற்குச் சரி. ஜிக்கின் தடித்த முள்ளை அது ஏற்றாது.

ரீலுக்கு வருவோம். முதல் முறை ஆற்றுக்குப் போகிறவர் 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் வாங்குவதே நல்லது. மூன்றரை கிராம் ஜிக்கைச் சிரமமில்லாமல் வீசலாம். மீன் பாயும்போது ரீலின் ‘டிராக்’ எனும் தடையமைப்பு தானே நரம்பைக் கொடுக்கும். தண்ணீரில் மிதக்கும் 20, 30 பவுண்டு பின்னல் நரம்பைப் பிரதான நரம்பாகவும், எட்டு பத்து பவுண்டு ஃபுளூரோகார்பனை முள்பக்கமும் கட்டலாம். பின்னல் நரம்பு தண்ணீர் குடிக்கும், உறைபனியில் கோலின் வளையங்களில் கட்டியாகிவிடும். அந்த மாதங்களில் தங்கூசியே மேல். பெய்ட்காஸ்டர் கனத்த தக்கைக்கும் பெரிய ஆற்றுக்கும் நல்லது. இலேசான ஜிக்கோடு அதை வீசுவது பழகாத கைக்குச் சிக்கல்தான். சென்டர்பின்னில் டிராக் கிடையாது. உள்ளங்கையே பிரேக். மீன் ஓடும்போது சுழலும் கைப்பிடி விரலில் அடித்தால் வலிக்கும். ஆனால் நீண்ட, நேரான ஓட்டத்தில் தக்கையை அவ்வளவு சீராகக் கொண்டுபோக வேறு ரீலால் முடியாது. அதில் ஒரு பருவம் பழகியவர்கள் ஸ்பின்னிங்குக்குத் திரும்பாததில் எனக்கு வியப்பில்லை.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கோலுக்கே கொடுங்கள். சுமாரான ரீலை நல்ல கோல் காப்பாற்றும். மோசமான கோலை எந்த ரீலும் காப்பாற்றாது. கோலின் கீழ்ப்பகுதி உறுதியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழையும் கோலில் நெடுநேரம் அலைக்கழித்த மீன், விட்ட பிறகும் பிழைப்பது கடினம். ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற தாம்சன் ஆற்று ஸ்டீல்ஹெட், சில்கோட்டின் ஆற்று மீனோடு சேர்ந்து, 2018இல் கனடாவின் அவசர மதிப்பீட்டில் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மேற்குக் கரையில் பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விடும்போது முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிடுவது வழக்கம். அங்கே உங்கள் கோலில் வந்த மீனுக்கு அந்தத் துடுப்பு முழுதாக இருந்தால் அது அநேகமாக ஆற்றில் பிறந்த மீன். தண்ணீரிலிருந்து தூக்காமல் முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்தும்வரை பிடித்திருந்து விட்டுவிடுங்கள்.