புற்றணுவைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளணுக்கள்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறியதும் அது வற்றிவிடும். ஆனால் புண் எதுவுமின்றி நிணநீர்க் கணுக்கள் வீங்கி, மண்ணீரலும் பருத்துச் சிலர் இறந்ததை இலண்டன் கய்ஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்தார். 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் இந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார்.

வீங்கிய கணுவினுள் இருப்பது என்ன? வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பர்க் 1898-இலும், அமெரிக்காவின் பால்டிமோரில் டோரதி ரீட் 1902-இலும் அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். ஆந்தைக் கண்களைப் போன்ற இரு உட்கருக்களையுடைய பெரிய உயிரணுக்களை அவர்கள் விவரித்தனர். வியப்பு யாதெனில், கணுவில் இவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டே இருக்கும்; எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்! எனவே இது அழற்சியா, புற்றா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. அப்பெரிய அணுக்கள் 'பி' வகை வெள்ளணுக்களிலிருந்து திரிந்தவை என்பதற்கு 1994-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மரபணுச் சான்று தந்தனர்.

அப்படியானால் சூழ்ந்து நிற்கும் வெள்ளணுக்கள் வெறும் வேடிக்கை பார்ப்பவைதாமா? அல்ல. 1966-இல் லூக்ஸ், பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயை வகைப்படுத்தினர். நிணவணுக்கள் மிகுந்த கணுக்களையுடையோர் நெடுநாள் வாழ்ந்தனர். அவை அருகியிருந்தோர் விரைவில் மாண்டனர். பிற்காலத்தில் சிகிச்சை சிறந்தபோது இவ்வேறுபாடு குறைந்தது.

மற்றொரு நிணப்புற்றான ஃபாலிக்குலர் லிம்ஃபோமா பற்றி 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 191 நோயாளிகளின் திசுக்களில் மரபணுக்களின் செயற்பாடு அளக்கப்பட்டது. நோயின் போக்கை முன்னறிவித்தவை புற்றணுக்கள் அல்ல, சூழ்ந்திருந்த தடுப்பணுக்களே! 'டி' அணுக்களோடு தொடர்புடைய ஒரு தொகுதி நல்ல அறிகுறியாகவும், விழுங்கணுக்களோடு தொடர்புடைய மற்றொன்று தீய அறிகுறியாகவும் அமைந்தன. ஹாட்ஜ்கின் நோயிலும் விழுங்கணுக்கள் மிகுதல் நன்றன்று என 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இத்தனை காவலர் சூழ்ந்திருந்தும் புற்று பிழைப்பது எவ்வாறு? 'டி' அணுவின் மேற்பரப்பில் பிடி-1 என்னும் புரதம் உண்டு. இதனை ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழுவினர் 1992-இல் கண்டறிந்தனர். அது ஒரு தடைக்கட்டை போன்றது. ஹாட்ஜ்கின் புற்றணுக்கள் அதை அழுத்தும் புரதத்தை மிகுதியாக ஏந்தி நிற்கின்றன, காவலர் செயலிழக்கின்றனர். இவ்வழுத்தத்தைத் தடுக்கும் நிவோலுமாப் மருந்து, பிற சிகிச்சைகளுக்குப் பின்னும் நோய் தொடர்ந்த 23 பேருக்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் 20 பேருக்குப் பயன் கிட்டியது என 2015-இல் அறிவிக்கப்பட்டது. 2018-இல் ஹோன்ஜோ, ஜேம்ஸ் ஆலிசனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே இன்று ஆய்வாளர்கள் தடுப்பணுக்களை எண்ணுவதோடு நிற்பதில்லை. அவை எவ்வகையின, புற்றணுவுக்கு எவ்வளவு அருகில் உள்ளன, விழித்திருக்கின்றனவா என்றும் பார்க்கின்றனர். வலியின்றி வாரக்கணக்கில் வற்றாத நெறியை மருத்துவரிடம் காட்டுவது நம் கடமை.