செலக்‌ஷன் போஸ்ட்: சென்னையில் தொடங்கிய ஒரு பதவி உயர்வு வழக்கு

மாத்தூரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் பாடம் சொல்லித்தரும் இடத்திற்குப் போன மாதம் ஒரு தம்பி வந்திருந்தான். பள்ளிக் காலத்தில் அங்கே படித்தவன். டிப்ளமோ முடித்து ஒரு பெரிய கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறான். பிள்ளைகள் போன பிறகும் உட்கார்ந்திருந்தவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, என்கூட சேர்ந்த ரெண்டு பேரு இப்ப எனக்கு மேல இருக்காங்க. நான் நைட் ஷிப்டு ஒண்ணு விடாம பார்த்தவன். உழைச்சா மேல வரலாமா, இல்ல ஆளைப் புடிச்சாத்தான் வரலாமா, நீங்களே சொல்லுங்க."

ஆளைப் பிடிப்பது என்றால் என்னவென்று கேட்டேன். மேனேஜரோடு டீ குடிக்கப் போவது, அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். "என்னையும் ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டாரு. போனேன். சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டாரு. சொன்னேன். அதுக்கப்புறம் கூப்பிடல."

பதவி உயர்வு பற்றிப் பேசும் எல்லோரும் உழைப்பா, ஆபீஸ் அரசியலா என்று இரண்டு பாதைகளைக் காட்டுகிறார்கள். இரண்டுமே எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, எதில் நடப்பது என்பது அவரவர் விருப்பம் என்பது போலப் பேசுகிறார்கள். எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பதில் சொன்ன அன்றே இரண்டாவது பாதை இந்தத் தம்பிக்கு அடைபட்டுவிட்டது. முதல் பாதையில் அவன் நடந்ததை அளக்கிறவரும் அதே மேனேஜர்தான். இது இன்றைக்கு வந்த சிக்கல் அல்ல. இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் சென்னையில் நடந்தது.

முதலில் மன்மாடுக்குப் போக வேண்டும். 1938 பிப்ரவரி 12, 13 தேதிகளில் மராட்டியத்தில் இருக்கும் அந்த ரயில்வே ஊரில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் என்று அண்ணல் அம்பேத்கர் பேசியது அங்கேதான். அந்த ஒரு வரியை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதே உரையில் பதவி உயர்வு பற்றி அவர் பேசியதைச் சொல்வது குறைவு. தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்தவர் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தால் கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார் என்றார். அதற்கு அடுத்த படியான போர்ட்டர் வேலைகூட ஏன் கிடைப்பதில்லை என்றும் விளக்கினார். போர்ட்டராக இருப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சாதி இந்து. தன் வீட்டுக்குள் தீண்டப்படாதவரை விடமாட்டார். ஆகவே அந்த வேலை இல்லை. ஒர்க்‌ஷாப்பிலும் கூலியாக எடுப்பார்கள், மெக்கானிக்காக எடுக்க மாட்டார்கள்.

கவனியுங்கள். "தலித்துக்குப் பதவி உயர்வு கிடையாது" என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு வேலையின் நடைமுறை மேலதிகாரியின் வீட்டு வாசலோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இந்தத் தம்பி சொன்ன விசேஷ வீடும் அதே வாசல்தான்.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகிறார் அம்பேத்கர். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடம் ஒதுக்கி உத்தரவு வருகிறது. 1946இல் அது 12.5 சதவீதமாகிறது. பிறகு அரசமைப்புச் சட்டம், பிரிவு 16(4). இவையெல்லாம் வேலைக்குள் நுழைவதைப் பற்றியவை. நுழைந்த பிறகு மேலே ஏறுவது எப்படி என்ற கேள்வி அப்படியே இருந்தது.

1959இல் ரயில்வே வாரியம் இரண்டு சுற்றறிக்கைகள் அனுப்பியது. ஒன்று மார்ச் 27ஆம் தேதியிட்டது, மற்றொன்று ஜூன் 12. மூன்றாம் வகுப்புப் பணிகளில் 'செலக்‌ஷன் போஸ்ட்' எனப்படும் பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு என்றன அவை.

செலக்‌ஷன் போஸ்ட் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சில பதவிகள் பணிமூப்பு வரிசைப்படி வரும். உங்கள் முறை வந்ததும், தகுதியற்றவர் என்று ஒதுக்கப்படாதவரை உங்களுக்குக் கிடைத்துவிடும். வேறு சில பதவிகளுக்குத் தேர்வுக் குழு உட்கார்ந்து ஆள் எடுக்கும். ரயில்வே விதித்தொகுப்பில் நீண்ட காலம் இருந்த கணக்கு இது: மொத்தம் 100 மதிப்பெண். தொழில் திறமைக்கு 50, பணிப் பதிவேட்டுக்கு 15, பணிமூப்புக்கு 15. மிச்சமுள்ள 20 எதற்கு? ஆளுமை, பேசிப் பழகும் விதம், தலைமைப் பண்பு, கல்வித் தகுதி. ஒருவருடைய 'ஆளுமை' எவ்வளவு என்பதை எந்த அளவுகோலால் அளப்பார்கள்? குழுவில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்தான் அளவுகோல். ஆபீஸ் அரசியல் என்று நாம் சொல்வதற்கு அலுவலகமே மதிப்பெண் போட்டு வைத்திருந்த இடம் அது.

சுற்றறிக்கையை எதிர்த்து, தெற்கு ரயில்வேயில் கோர்ட் இன்ஸ்பெக்டராக இருந்த ரங்காச்சாரி சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். அவர் வகித்த பதவியும் ஒதுக்கீட்டுக்கு உள்ளான செலக்‌ஷன் பதவிகளில் ஒன்று. உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தெற்கு ரயில்வே பொது மேலாளர் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார். 1961 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள், மூன்றுக்கு இரண்டு.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கஜேந்திரகட்கர். போதிய பிரதிநிதித்துவம் என்பது வெறும் தலை எண்ணிக்கை அல்ல, எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததே என்பதுதான் அதன் உயிர். ஆகவே 16(4)இல் வரும் 'பதவிகள்' என்ற சொல்லுக்குள் பதவி உயர்வுக்கான செலக்‌ஷன் போஸ்டும் அடங்கும். மாறுபட்டவர்கள் வாஞ்சூவும் ராஜகோபால ஐயங்காரும். ஒதுக்கீடு வேலைக்குச் சேரும் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். அதன்படி பார்த்தால், துப்புரவுப் பணியிலும் தண்டவாளப் பணியிலும் நூற்றுக்கு நூறு பேர் நம்மவர்களாக இருந்துவிட்டால் பிரதிநிதித்துவம் தாராளமாகவே கிடைத்துவிட்டதாக ஆகிவிடும்!

ரங்காச்சாரி என்ற தனிமனிதர்மீது எனக்குக் கோபம் இல்லை. தன் பதவி போய்விடுமோ என்று பயந்த ஒரு ஊழியர் கோர்ட்டுக்குப் போனார். நமக்குக் கிடைத்தது அந்த வழக்கின் விளைவு. பதவி உயர்வு மேலதிகாரியின் தயவு அல்ல, எழுதி வைத்த விதி என்ற நிலை உறுதிப்பட்டது. ரோஸ்டர் என்ற பட்டியல் முறையைப் பாருங்கள். 1997 வரை நடைமுறையில் இருந்த பட்டியலில் 40 புள்ளிகள் என்றால் 6 எஸ்.சி.க்கு, 3 எஸ்.டி.க்கு. எந்தப் புள்ளி யாருக்கு என்பது முன்கூட்டியே காகிதத்தில் இருக்கும். அரசுத் துறை ஒன்றில் ஓய்வு பெற்று எங்கள் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவர் சொல்வார்: "எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆள் புடிக்கத் தெரியாதும்மா. ரோஸ்டர்ல பேரு எங்க இருக்குன்னு பார்க்கத் தெரியும்." எம்.ஏ. வகுப்பில் வெபர் நடத்தினார்கள். நவீன அலுவலகம் ஆள் முகம் பார்க்காது, விதி பார்க்கும் என்று படித்தேன். நம் ஊரில் அந்த நவீன அலுவலகத்தைக் கோர்ட்டுப் படி ஏறித்தான் வாங்க வேண்டியிருந்தது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் ரோஸ்டர் எல்லாவற்றையும் சரி செய்துவிடவில்லை. ரகசிய அறிக்கை என்ற ஒன்று இருந்தது. ஊழியரைப் பற்றி மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதுவார். மிக மோசமாக எழுதினால்தான் ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். 'நன்று' என்று எழுதினால் தெரிவிக்க மாட்டார்கள். நன்று என்பது நல்ல சொல்தானே என்று தோன்றும். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும் என்று விதி இருக்கும்போது 'நன்று' என்ற சொல்லே கத்தி. எல்லை சாலைப் பணியில் இருந்த பொறியாளர் தேவ் தத்துக்கு 1993-94ஆம் ஆண்டு அறிக்கையில் இதுதான் நடந்தது. மற்ற ஆண்டுகளில் 'மிக நன்று', ஓர் ஆண்டில் மட்டும் 'நன்று'. பதவி உயர்வுப் பரிசீலனையிலேயே அவர் பெயர் வரவில்லை. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்த மதிப்பீடாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. இது இடஒதுக்கீட்டு வழக்கு அல்ல. ஆனால் இதனால் அதிகம் பயன்பெற்றது, மேலதிகாரியின் பேனாவுக்கு அதிகம் பயந்திருந்த நாம்தான்.

இதற்கிடையில் 1961இல் வென்றது பறிபோகவும் செய்தது. 1992 நவம்பர் 16 அன்று வந்த இந்திரா சஹானி தீர்ப்பை மண்டல் தீர்ப்பு என்று கொண்டாடுகிறோம். பிற்படுத்தப்பட்டோரின் 27 சதவீதத்தை அது காத்தது உண்மை. அதே தீர்ப்புதான் பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்று சொல்லி ரங்காச்சாரி தீர்ப்பைச் சாய்த்தது. 1961இல் இரண்டு பேரின் மாறுபட்ட கருத்தாக இருந்தது 31 ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டமானது. ஏற்கெனவே இருப்பது ஐந்தாண்டு தொடரலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிவதற்குள், 1995 ஜூனில், 77ஆவது திருத்தம் வந்து 16(4ஏ) சேர்ந்தது. பிறகு பணிமூப்புச் சண்டை, அதற்கு 85ஆவது திருத்தம். 2006இல் நாகராஜ் வழக்கு, புள்ளிவிவரம் காட்டினால்தான் ஒதுக்கீடு என்றது. 2018இல் ஜர்னைல் சிங் வழக்கு பின்தங்கிய நிலையைப் புள்ளிவிவரத்தால் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றது, ஆனால் எஸ்.சி., எஸ்.டி.க்குள்ளும் கிரீமி லேயரைக் கொண்டுவந்தது. இந்தக் கோர்ட்டுக் கதையை முழுதாகச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும்.

ஒவ்வொரு வழக்கிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் 'நிர்வாகத் திறன்'. நம்மவர்கள் மேலே வந்தால் ரயில் ஓடாது என்பது போன்ற பேச்சு. பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காப்பும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1980 முதல் 2002 வரையிலான இந்திய ரயில்வே தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் விகிதம் கூடியதால் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உயர் பதவிகளில் அவர்கள் கூடியபோது திறன் கூடியதற்கான அறிகுறிகள்கூடத் தெரிந்தன. இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ரங்காச்சாரி வழக்கு முடிந்து 53 ஆண்டுகள் கழித்து!

சரி, தம்பி வேலை செய்வது ரயில்வேயில் அல்ல. தனியார் கம்பெனியில்.

மாத்தூரிலிருந்து மணலிப் பக்கம் பார்த்தால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரியும். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கியது. அடுத்த ஆண்டு உர ஆலை. இரண்டும் பொதுத்துறை, ரோஸ்டர் உண்டு. அந்த நிரந்தர வேலைகளால் எழுந்த வீடுகள் எங்கள் பகுதியில் இருக்கின்றன. ஆனால் இன்றைக்கு எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது தனியார் கம்பெனிகளுக்கு அல்லது கான்ட்ராக்டரிடம். கான்ட்ராக்டில் பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை, ஏணியே கிடையாது. தனியார் கம்பெனியில் ஏணி உண்டு, அதன் விதி உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

2007இல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். இது கீழ்வாசல். மேல்மாடி எப்படி? 2012இல் அஜித், டாங்கர், சக்சேனா ஆகியோர் நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைக் கணக்கெடுத்து எழுதினார்கள். சுமார் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். எஸ்.சி., எஸ்.டி. இரண்டும் சேர்த்து 3.5 சதவீதம். இவ்வளவு பேரும் உழைப்பால் மட்டுமே அங்கே போனார்கள் என்றால், உழைக்கத் தெரிந்தவர்கள் சில சாதிகளில் மட்டும் பிறக்கிறார்கள் என்று நம்ப வேண்டியிருக்கும்.

2006இல் தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது சி.ஐ.ஐ., அசோசாம் போன்ற முதலாளி அமைப்புகள் சட்டம் வேண்டாம், நாங்களே நடத்தை விதி வகுத்துக்கொள்கிறோம் என்றன. வகுத்துக்கொண்டார்கள். தானாக விரும்பிச் செய்வதற்கான விதி அது. 1938இல் ஸ்டேஷன் மாஸ்டரின் விருப்பமும் அப்படித்தான் இருந்தது.

இதில் பாதியைத்தான் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க கம்பெனியில ரோஸ்டர் இருக்காக்கா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப என் அப்ரைசல்ல என்ன எழுதியிருக்காங்கன்னாவது கேட்கலாமா?" தேவ் தத் வாங்கிய தீர்ப்பு அரசு ஊழியர்களுக்கானது, தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது என்பதைச் சொன்னேன். கேட்கக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லையே என்றேன்.

அன்று இரவு அங்கேயே உட்கார்ந்து அவன் போனில் ஒரு மெயில் எழுதினோம். கடந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கொடுத்த மதிப்பீடு என்ன, அடுத்த நிலைக்கு என்னென்ன தகுதி தேவை, அவற்றில் எனக்கு எது குறைகிறது, எழுத்தில் தெரிவிக்கவும். சாதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து அனுப்பினான். அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. மேனேஜர் மட்டும் ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். பதிலை எழுத்தில் கொடுத்தால் போதும் சார் என்று சொல்லிவிட்டு வந்தானாம்.