ராஜகுருவுக்கு மாற்று யார்?

2001ல் வந்த 'ஒன்மியோஜி' என்கிற ஜப்பானியப் படத்தை மாயாஜாலப் படம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கதாநாயகன் அபே நோ செய்மெய் வரலாற்றில் இருந்த ஆள். காலம் 921 முதல் 1005 வரை. நரிக்குப் பிறந்தவர், கண்ணுக்குத் தெரியாத ஏவல் ஆவிகளை வைத்திருந்தவர் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்த கதைகள். நிஜத்தில் அவர் ஒரு அரசு ஊழியர்! பஞ்சாங்கம் கணிக்க, வானத்தைப் பார்த்துக் குறி சொல்ல, நீர்க்கடிகாரத்தில் நேரம் பார்க்க என்றே கியோட்டோ அரண்மனையில் ஒரு துறை இருந்தது. நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி பதவி, படிநிலை எல்லாம் உண்டு. அந்தத் துறையை ஜப்பான் 1870ல்தான் மூடியது.

படத்தில் கவனிக்க வேண்டிய விஷயம், வில்லன் தோசனும் அதே தொழில்காரன். தலைநகரையே அழிக்கப் பார்க்கும் அவனைச் செய்மெய்தான் தடுக்கிறார். அதாவது, கெட்ட அரசவை மந்திரவாதிக்கு மருந்து, நல்ல அரசவை மந்திரவாதி. அந்தப் பதவி தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது நம்ம கொங்குப் பக்கம் வருவோம். 1940களில் கோவையும் சேலமும் தமிழ் சினிமாவின் பெரிய பட்டறைகள். எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனான 'ராஜகுமாரி' (1947), கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் எடுத்த படம். மு.கருணாநிதி அதன் வசனத்தில் பங்களித்தார். மூன்று வருடம் கழித்து, அவருடைய 'மந்திரி குமாரி' நாடகத்தைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியது. இயக்கம் எல்லிஸ் ஆர்.டங்கன், டி.ஆர்.சுந்தரம்.

இதில் அரசன் காதருகே நிற்பவர் ராஜகுரு. நடித்தவர் எம்.என்.நம்பியார். மந்திரமும் கிடையாது, ஏவல் ஆவியும் கிடையாது. சொல்வாக்குதான் அவருடைய வித்தை. மகன் பார்த்திபனைத் தளபதியாக்கப் பார்க்கிறார். பதவி வீரமோகனுக்கு (எம்.ஜி.ஆர்.) போய்விடுகிறது. மகன் கொள்ளைக்காரன் ஆகிறான்.

கதையின் வேர் குண்டலகேசி. தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போன திருட்டுக் கணவனை, அவள் முந்திக்கொண்டு தள்ளிவிடுகிற கதை. பாலி மொழியில் உள்ள பௌத்த உரைகளிலேயே அந்தத் திருடன் ராஜபுரோகிதரின் மகன்தான். ஆக, புரோகிதர் மகன் என்பது கருணாநிதி கண்டுபிடித்ததல்ல. அந்த உரைகளில் அப்பாவுக்குப் பெரிய வேலை இல்லை. படமோ அவரைக் கதையின் மையத்துக்கு இழுத்துவந்து, அவர் கையில் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டது. தி.மு.க. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. ராஜகுரு என்றதும் கொட்டகையில் இருந்தவர்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பார்த்திபனை முடித்துவைப்பது இன்னொரு நல்ல ராஜகுரு அல்ல. அவனைக் காதலித்து மணந்த மந்திரி மகள் அமுதவல்லி. கடைசியாக மூன்று முறை சுற்றிவந்து வணங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுவிட்டுத் தள்ளிவிடுகிறாள். அவளுக்கு அரசவையில் எந்தப் பதவியும் கிடையாது.

ரெண்டு படத்துக்கும் உள்ள தூரம் இதுதான். கியோட்டோ கதையில் அதே துறையைச் சேர்ந்த, இன்னும் கெட்டிக்காரரான ஒருத்தர் வந்து ஊரைக் காப்பாற்றுகிறார். சேலத்துக் கதையில் அந்த நாற்காலியே சந்தேகத்துக்கு உரியது. எம்.ஜி.ஆரின் கத்திச்சண்டைக்காகப் போனவர்களுக்கும் அந்தச் சந்தேகம் டிக்கெட் காசிலேயே சேர்ந்து கிடைத்தது.