குப்பைமேட்டில் கிடைத்த கலை

ஆசிரிய நண்பர்களே, ஆதி ஜப்பானியர்னு சொன்னதும் மாணவர்கள் மனதில் வருவது கிமோனோவும் சாமுராய் வாளும்தான். அவையெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தவை. பாடத்தைச் சிப்பிக் குவியலிலிருந்து தொடங்கிப் பாருங்க.

1877-இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் யோக்கோஹாமாவிலிருந்து தோக்கியோவுக்கு ரயிலில் போனார். ஓமோரி அருகே, பாதையோரம் வெட்டிய மண்ணில் சிப்பி ஓடுகள் தெரிந்தன. பழங்கால மக்கள் தின்றுவிட்டு எறிந்த குப்பைமேடு அது. தோண்டியபோது மட்கல ஓடுகள் கிடைத்தன. அவற்றின்மேல் கயிற்றுத் தடம். ஜப்பானிய மொழியில் 'ஜோமோன்' என்றாலே கயிற்றுத் தடம்தான். அந்தக் காலத்துக்கே அது பெயராகிவிட்டது.

இங்கேதான் மாணவர்களை நிறுத்தி யோசிக்க வைக்கணும். முதலில் விவசாயம், பிறகுதான் பானை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஜோமோன் மக்களோ பயிர்த்தொழிலை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். கஷ்கொட்டை, ஓக் கொட்டை, மீன், சிப்பி இவைதான் அவர்கள் சாப்பாடு. ஆனாலும் ஜப்பானில் 15,000 ஆண்டுகளுக்கு முன்பே பானை இருந்தது! நீகாத்தா பகுதியில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் செய்த பானைகளின் விளிம்பு தீக்கொழுந்துபோல் எழுந்து நிற்கும். அலங்காரத்துக்கு மட்டும் செய்ததில்லை; சிலவற்றின் உள்ளே சமைத்த கரி ஒட்டியிருக்கிறது. வேட்டையாடியவர்களைக் 'காட்டுமிராண்டி' என்று எழுதும் பழைய பயிற்றிகளைத் தூக்கி வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

'தோகு' என்னும் களிமண் பொம்மைகளும் உண்டு. பெரும்பாலும் பெண் உருவங்கள், பல உடைந்தே கிடைத்தவை. வேண்டுமென்றே உடைத்தார்களா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. மாணவர்களிடம் கேளுங்க, நல்ல பதில்கள் வரும்.

(தமிழ்–ஜப்பானிய உறவு பற்றிப் பேசிய சுசுமு ஓனோவை யாராவது கேட்பார்கள். அவர் சொன்னது நெல் சாகுபடி வந்த பிற்கால யயோய்ப் பண்பாட்டை ஒட்டியது. மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. ஜோமோனோடு அதைக் கலக்க வேண்டாம்.)

செய்முறைக்கு, ராஃபியா கயிற்றை முறுக்கி, ஈரக் களிமண்மேல் உருட்டச் சொல்லுங்க. முறுக்கை மாற்றினால் கோலமும் மாறும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். செபராங் ஜெயாவிலிருந்து வடக்கே, கெப்பாலா பத்தாஸ் தாண்டி, குவார் கெப்பாவிலும் இதேபோன்ற சிப்பி மேடுகள் இருந்தன. வயதும் 5,000 ஆண்டுகளுக்கு மேல்; தீக்கொழுந்துப் பானைகளின் காலத்தை ஒட்டியது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலேயே சுண்ணாம்புக்காகச் சிப்பிகளை வெட்டி எடுத்தார்கள். 1934-இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் தோண்டியபோது கற்கருவிகளும் மட்கல ஓடுகளும் மனித எலும்புகளும் கிடைத்தன. எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்விட்டன. 2017-இல், காட்சியகப் பணியின்போது 'பினாங்குப் பெண்' எலும்புக்கூடு வெளிப்பட்டது.

ஜப்பான் தன் வடபகுதியின் 17 ஜோமோன் இடங்களை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்குக் குவார் கெப்பா தெரியும்? அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு அங்கே கூட்டிப் போங்க. கிளம்பும் முன் ஒரு ஜோமோன் பானைப் படத்தைக் கையில் கொடுங்க.