மெழுகு திறந்த கதவு

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமலே அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வெளியே எடுத்தார். கூடவே இரண்டு மகன்கள். ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குப் பயணம். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டார். தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். எஞ்சினைக் குளிர்வித்த நீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. கிணறு, ஓடை, சத்திரம் என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்றினார்கள். ஊருக்கு ஊர் தண்ணீர் கேட்கும் வண்டியை யார் வாங்குவார்கள்?

1900-ன் கடைசியில் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர் அதற்கு ஒரு வழி கண்டார். புதிய மெர்சிடிஸ் வண்டியின் முகப்பில் 8,070 சின்னஞ்சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கி ஒரு ரேடியேட்டர் செய்து, பின்னால் ஒரு விசிறியை வைத்தார். 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானதாக இருந்தது. சூட்டை வென்றாகிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். தொல்லை எதிர்த்திசையிலிருந்து வந்தது.

ரேடியேட்டருக்கு நேரம் காலம் தெரியவில்லை. பனிக்காலத்திலும் அதே வேகத்தில் சூட்டை வெளியே தள்ளியது. எஞ்சின் சூடேறவே முடியாமல் திணறியது. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி வீணானது. ஆயில் கெட்டியாக நின்று பிஸ்டனுக்குச் சுமையானது. எரிந்த எரிபொருளின் சூடும் வண்டியைத் தள்ளுவதை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைந்தது. ஓட்டுநர்கள் ரேடியேட்டர் மேல் கம்பளி போர்த்தினார்கள், அட்டை செருகினார்கள். எடுக்க மறந்தாலோ வண்டி கொதித்தது. தண்ணீர்ப் பாதையில் ஒரு கதவு வேண்டியிருந்தது. அதைத் திறந்து மூடுவது யார்?

முதலில் வந்தது துருத்தி போல மடிப்பு மடிப்பான ஓர் உலோகக் குப்பி. உள்ளிருந்த திரவம் சூட்டில் ஆவியாகிக் குப்பியை நீட்டும், கதவு திறக்கும். நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமலிருக்க ரேடியேட்டர் மூடியை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டியபோது, அந்த அழுத்தமே துருத்தியை எதிர்த்துத் தள்ளியது. குறித்த சூட்டில் கதவு திறக்கத் தவறியது.

அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கையில் எடுத்தது வெறும் மெழுகு. உருகும்போது மெழுகு பருக்கும். அதை ஒரு சிறு கிண்ணத்தில் அடைத்து, பருக்க வேறு இடமே இல்லாமல் செய்தால்? நடுவிலுள்ள தண்டை நெட்டித் தள்ளும். வெளி அழுத்தம் அதை அசைக்க முடியாது. 1934-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1938-ல் கிடைத்தது. மின்சாரம் இல்லை, ஒரு கம்பிகூட இல்லை. மெழுகின் வகையை மாற்றினால் கதவு திறக்கும் சூடும் மாறும். இவ்வளவு எளிமையான சாமர்த்தியம் மோட்டார் வண்டியில் வேறெதிலும் இல்லை என்றே சொல்வேன். ஆனாலும் நம் ஊரில் அதற்கு வேறு விதி காத்திருந்தது.

1980-ல் ஓசூரில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டு அதே ஊரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்டது. மொபெட்டுக்குக் காற்றே போதும், ரேடியேட்டர் கிடையாது. லாரிகள் பாடு அப்படியில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏற்றம். சித்திரை வெயிலில் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு 'ஹீட்' ஆகும் பயம் எப்போதும் உண்டு. அதற்குப் பட்டறைகளில் ஒரு கைவைத்தியம் பரவியிருந்தது. தண்ணீர்ப் பாதையை மறித்து உட்கார்ந்திருந்த பித்தளைச் சாமானைக் கழற்றிப் போட்டார்கள். நம்ம வெயிலுக்கு இது தேவையில்லை என்பது பேச்சு.

ஹீட் குறைந்தது. கூடவே மைலேஜும் குறைந்தது. ஓசூரின் மார்கழிக் காலைகளில் எஞ்சின் வெகுநேரம் பச்சைத் தண்ணீராகவே ஓடியது. பின்னாளில் வந்த கார்களில் கணினி, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியது. சில டீசல் எஞ்சின்களிலோ ஹீட் முன்னைவிட ஏறியது! அவற்றில் அந்தச் சாமான் ஒரு வாசலைத் திறக்கும்போதே இன்னொரு குறுக்கு வழியை அடைத்தது. அதைக் கழற்றியதும் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே எஞ்சினுக்குத் திரும்பியது.

குற்றம் சாட்டப்பட்ட அந்தச் சாமான்தான் தெர்மோஸ்டாட், வெர்னேயின் மெழுகுக் கதவு. அது கெட்டுவிட்டதா என்று பார்க்க விவரமான மெக்கானிக்குகள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டு அடுப்பில் வைத்தார்கள். கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்பே, எண்பது டிகிரியைத் தாண்டியதும், யாரும் தொடாமல் அது மெல்லத் திறந்தது.