ஆள் மாறினால் குழு மாறுமா?

ஓர் இசைக்குழுவில் ஆட்கள் மாறிய பிறகும் அது பழைய குழுதானா? ஏசி/டிசி என்னும் ராக் இசைக்குழுவின் ரசிகர்களிடையே இந்தக் கேள்வி இருமுறை எழுந்தது.

மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற சகோதரர்கள் 1973-இல் சிட்னியில் தொடங்கிய குழு அது. 1980 பிப்ரவரியில் பாடகர் போன் ஸ்காட் 33 வயதில் லண்டனில் இறந்தபோது, குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட அவர்கள் யோசித்தனர். பின்னர் இங்கிலாந்தின் பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு ஐந்தே மாதங்களில் 'பேக் இன் பிளாக்' இசைத்தொகுப்பை வெளியிட்டனர். ஸ்காட்டின் நினைவாக அட்டை முழுவதும் கறுப்பு. முதல் பாடலின் தொடக்கத்தில் மணியோசை. அது ஏறத்தாழ 5 கோடிப் படிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது.

இரண்டாவது சோதனை இதைவிடக் கடுமையானது. பள்ளிச் சீருடையில் துள்ளும் ஆங்கஸைத்தான் ரசிகர்கள் பார்த்தார்கள். ஆனால், பின்னால் நின்று தாளம் பிசகாமல் கிட்டார் வாசித்த அண்ணன் மால்கம்தான் குழுவைத் தாங்கியவர். 2014-இல் மறதி நோயால் அவர் விலகினார். அவரிடத்தில் வந்தவர் மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி யங். 1988-இலும் ஒருமுறை சித்தப்பாவுக்காக மேடையேறியவர் இவர். சித்தப்பா என்றாலும் ஆங்கஸ் இவரைவிட இரண்டு வயதுகூட மூத்தவர் அல்லர்!

டிரம்ஸ் வாசித்த ஃபில் ரட் வழக்கில் சிக்கினார். 2016-இல் செவித்திறன் குறைந்ததால் ஜான்சன் பாதியில் நின்றார். வேறொரு குழுவின் ஆக்சல் ரோஸ் பாடினார். பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கானோர் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். அவ்வாண்டே பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வை அறிவித்தார். 2017 நவம்பரில் மால்கம் காலமானார். கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆயினும் 2018-இல் ஜான்சன், ரட், வில்லியம்ஸ் மூவரும் திரும்பி வர, கனடாவின் வான்கூவரில் ஒலிப்பதிவு நடந்தது. 2020 நவம்பரில் 'பவர் அப்' வெளிவந்தது. அதன் 12 பாடல்களையும் ஆக்கியவர்கள் என்று ஆங்கஸ், மால்கம் இருவர் பெயருமே உள்ளன. அண்ணனும் தம்பியும் முன்பே எழுதிச் சேர்த்து வைத்திருந்தவற்றிலிருந்து ஆங்கஸ் அவற்றை உருவாக்கினார். 1980-இல் மறைந்தவருக்காக அட்டையைக் கறுப்பாக்கினார்கள். 2020-இலோ மறைந்தவரே பாடல்களில் இருந்தார். இது வணிகத் தந்திரம் என்று சொல்வோர் அந்தக் கிட்டார் ஒலியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

2024-இல் குழு மீண்டும் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, 'பவர் அப்' இசைத்த ஐவரில் மேடையில் நின்றவர்கள் ஆங்கஸ், ஜான்சன், ஸ்டீவி ஆகிய மூவர் மட்டுமே.